குழந்தையின் ரிப்போர்ட்டில் வைட்டமின் அதிகமா? முதலில் அலமாரியைத் திறங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் குழந்தைகளின் வைட்டமின் குறைபாடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாற்பது வருடமாக வீட்டுக்கு நாளிதழ் வாங்குகிறேன், இத்தனை வருடத்தில் அது குறைவு, இது குறைவு என்றுதான் படித்திருக்கிறேன். ஒரு குழந்தையின் ரத்தத்தில் வைட்டமின் எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தால் அந்த எண்ணை என்னவென்று எடுத்துக்கொள்வது, யாரும் நாலு வரி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் ஆய்வக நுட்புநராக, பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரத்தம் எடுப்பது, சீரம் பிரிப்பது, மெஷினில் ஏற்றுவது, வரும் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவது, இதுதான் என் தொழில். மருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு எண் எப்படியெல்லாம் ஆளை ஏமாற்றும் என்பது ஓரளவுக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குச் சென்னையில் இருக்கும் மகளிடமிருந்து போன். குரலே சரியில்லை. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு லேப்காரர்கள் வந்து, சலுகை விலையில் குழந்தைகளுக்கு முழு உடல் பரிசோதனை என்று முகாம் போட்டிருக்கிறார்கள், இவளும் நாலு வயதுப் பேரனுக்குப் பணம் கட்டி ரத்தம் கொடுக்க வைத்திருக்கிறாள். பையனுக்கு ஒன்றும் இல்லை, ஓடி ஆடிக்கொண்டுதான் இருந்தான். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பி12, ஒரு மில்லிக்கு 2000 பிகோகிராமுக்கு மேல். வைட்டமின் டி, ஒரு மில்லிக்கு 118 நானோகிராம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'எச்', அதாவது 'ஹை', அதிகம். மாப்பிள்ளை பி12 அதிகம் என்று இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார், முதல் பக்கத்திலேயே ரத்தப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

"அப்பா, ரெண்டாயிரத்துக்கு மேலன்னு போட்டிருக்குப்பா, நெட்ல என்னென்னமோ சொல்லுது" என்று அழுதாள்.

"அழாதம்மா. சமையலறை அலமாரி, ஃப்ரிட்ஜ் கதவு, டி.வி. ஸ்டாண்டு, இந்த மூணு இடத்துல புள்ளைக்குக் குடுக்கற எந்தப் பாட்டில் இருந்தாலும் எடுத்து வரிசையா வெச்சு ஒரு போட்டோ அனுப்பு. லேபிள் தெரியணும்."

ஐந்து நிமிடத்தில் போட்டோ வந்தது. பசி எடுக்கவில்லை என்று வாங்கிய ஒரு மல்டிவைட்டமின் சிரப். மூளை வளர்ச்சிக்கு என்று யாரோ சொல்லி வாங்கிய இன்னொரு சிரப், அதில் மெத்தில்கோபாலமின், அதாவது பி12. கரடி வடிவில் ஜெல்லி மிட்டாய் போன்ற வைட்டமின் கம்மி, பையனே கேட்டு வாங்கித் தின்பது. ஹெல்த் டிரிங்க் பவுடர் ஒரு டப்பா. கடைசியாக, ஓரத்தில், 5 மில்லி கொள்ளும் குட்டிப் பாட்டில்கள் மூன்று: வைட்டமின் டி, ஒரு பாட்டிலில் 60,000 யூனிட்.

அந்தக் குட்டிப் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன் வைட்டமின் டி குறைவு என்று ஒரு குழந்தை டாக்டர் வாரம் ஒன்றாக ஆறு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியான மருந்து, சரியான அளவு. வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்வது சம்பந்தியம்மா. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி, ஞாயிறு ஆனால் அந்தப் பாட்டில் என்று அவர்கள் பழகிவிட்டார்கள். ஆறு வாரம் முடிந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, மருந்துக் கடையிலும் பழைய சீட்டைக் காட்டினாலே கொடுத்துவிட்டார்கள். ஏழு மாதம், மாதத்துக்கு நாலு என்று வைத்தாலே இருபத்தெட்டு ஞாயிறு. கணக்குப் போடுங்கள்: டாக்டர் கொடுக்கச் சொன்னது மொத்தம் 3,60,000 யூனிட், குழந்தைக்குள் போனது 16,80,000. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் என்றும், தினசரி 3000-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றும் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-இல் வகுத்தது. வாரம் 60,000 என்றால் நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. இதற்குமேல் சிரப்பிலும் டி, கம்மியிலும் டி, பவுடரிலும் டி.

சம்பந்தியம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் பிள்ளைக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்கும் ஒரே ஆள் அவர்கள்தான்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனார்கள், பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு. அவர் ரிப்போர்ட்டை அரை நிமிடம்தான் பார்த்தார், பையைப் பத்து நிமிடம் பார்த்தார் என்றாள் மகள். கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரில் கால்சியம், சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதினார். கால்சியம் 10.4, அந்த வயதுக்கு இயல்புக்குள்தான். சிறுநீரகத்தில் சுண்ணாம்புப் படிவு இல்லை. எல்லாப் பாட்டிலையும் நிறுத்துங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதத்தில் டி 61-க்கு இறங்கியது. பி12-உம் மெல்ல இறங்கி இயல்புக்கு வந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் எல்லா வீட்டிலும் அவ்வளவுதான் என்று முடியாது, அதனால்தான் டி-யைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. அதிகம் போனால் சிறுநீரில் ஓடிவிடாது, உடல் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் கசியும். தீங்கு செய்வது நேரடியாக டி-கூட இல்லை, அது ஏற்றிவிடும் கால்சியம். குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சும், எலும்பிலிருந்தும் இழுக்கும். கால்சியம் ஏறிய குழந்தை சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும், மலச்சிக்கல் வரும், அடிக்கடி சிறுநீர் போகும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், சோர்ந்து கிடக்கும், எடை ஏறாது. இங்கேதான் வேடிக்கையும் வேதனையும். இந்த அடையாளங்களைப் பார்க்கும் பாட்டி என்ன நினைப்பார்? பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை, இன்னொரு மூடி டானிக் கொடு என்றுதானே? முற்றிவிட்டால் மருத்துவமனையில் சேர்த்துச் சலைன் ஏற்றி, ஸ்டீராய்டு, கால்சியத்தை இறக்கும் பாமிட்ரோனேட் மருந்து வரைக்கும் போக வேண்டியிருக்கும். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் கால்சியம் இறங்கிய பிறகும் அது லேசில் கரையாது.

ஆகவே டி 100 நானோகிராமுக்கு மேல் என்று வந்தால் அந்த எண்ணை மட்டும் பார்த்து அலறவும் கூடாது, அலட்சியமும் கூடாது. பக்கத்தில் கால்சியம் எவ்வளவு, பாராதைராய்டு ஹார்மோன் அமுங்கியிருக்கிறதா, சிறுநீரில் கால்சியம் போகிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் அது வெறும் எண்ணா, விஷமாகிவிட்டதா என்று தெரியும். பெரும்பாலும் 150-ஐத் தாண்டியவர்களிடம்தான் கால்சியம் கலகம் செய்யும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன், எப்போதும் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் நடந்தது தெரிந்தால் காரணம் புரியும். டி குறைந்தால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரக்கூடாது என்று அந்த அரசாங்கம் குழந்தைப் பால் பவுடரில் டி சேர்த்தது, தானிய உணவில் சேர்த்தது, போதாததற்கு மீன் எண்ணெயும் கொடுத்தது. எல்லாம் நல்லெண்ணம்தான். கூட்டிப் பார்த்தால் சில குழந்தைகளுக்கு நாளுக்கு 4000 யூனிட் வரை போயிருக்கிறது. 1950-களில் கால்சியம் ஏறி, வாந்தியும் வளர்ச்சிக் குறைவுமாகக் கைக்குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். 1957-இல் சேர்க்கும் அளவைக் குறைத்த பிறகு அடங்கியது. ஆனால் அதே பாலைக் குடித்த லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவர்களுக்கு மட்டும் ஏன்? அந்தக் கேள்விக்கு 2011-இல்தான் நல்ல விடை கிடைத்தது. டி-யைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று இருக்கிறது, அதற்கான மரபணுவின் பெயர் சிஒய்பி24ஏ1. அது பழுதாகப் பிறந்த குழந்தைக்கு, மற்றக் குழந்தைகள் சாதாரணமாகக் குடித்துக் கழிக்கும் டி-யே கால்சியத்தை ஏற்றிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதே மருந்து ஒத்துக்கொண்டது என்று வாதம் பண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெயிலில் விளையாடுகிறான், அதனால் அதிகமாகியிருக்குமோ என்று மகள் கேட்டாள். வெயிலால் ஆகாது. தோலில் உருவாவது ஓர் அளவுக்கு மேல் போனால் அந்த வெயிலே அதை வேலை செய்யாத வேறு பொருள்களாக மாற்றிவிடும். பாக்கெட் பாலில் சேர்ப்பதும் லிட்டருக்குச் சில நூறு யூனிட்தான், ஒரு டம்ளர் பாலால் யாருக்கும் டி ஏறியதில்லை. பால் பண்ணையில் அளவு தவறினால் ஆகும், அப்படி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்தது 1992-இல் மருத்துவ இதழில் வந்தது. அது அபூர்வம். நம் வீடுகளில் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் பாட்டில்தான். கைக்குழந்தை என்றால் சொட்டு மருந்து. ஒரு கம்பெனியில் ஒரு மில்லிக்கு 400 யூனிட், இன்னொன்றில் 800. கடையில் அது இல்லை, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாற்றிக் கொடுப்பார்கள், அம்மா பழைய கோடு வரைக்கும் இழுத்துக் கொடுப்பார். இந்த டிராப்பர் விஷயத்துக்காக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-இல் தனியாக எச்சரிக்கையே விட்டது, நம்மூரில் லேபிள் எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

சரி, பி12-க்கு வருகிறேன். மாப்பிள்ளையைப் பயமுறுத்தியது அதுதான். பி12 நீரில் கரைவது, கூடுதலானதைச் சிறுநீரகம் கழித்துவிடும், அதனால் இதற்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற உச்ச வரம்பே வகுக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவை ஒன்று, ஒன்றரை மைக்ரோகிராம்தான். சிரப்பில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். அப்படியிருக்க ரத்தத்தில் 2000 காட்டினால் அது நோயின் எண்ணா, பாட்டிலின் எண்ணா? இன்னொன்று, இரண்டு மூன்று வயதிலிருந்து ஆறேழு வயது வரை பிள்ளைகளுக்கு இயல்பாகவே பி12 பெரியவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், வளர வளரக் குறையும். லேபில் பெரியவர்களுக்கான 200 முதல் 900 என்ற அளவை அப்படியே குழந்தையின் ரிப்போர்ட்டிலும் அச்சடித்துவிடுவார்கள். அதற்குமேல் ஒரு புள்ளி கூடினாலும் கம்ப்யூட்டர் 'எச்' போட்டுவிடும், அதற்கு வயது தெரியாது.

ஆனால், எந்தப் பாட்டிலும் இல்லை, ஊசியும் போடவில்லை, பி12 மட்டும் மிக அதிகம், திரும்ப எடுத்தாலும் அப்படியே இருக்கிறது என்றால் அதை டாக்டர் விட மாட்டார். பி12-இன் கிடங்கு கல்லீரல். அங்கே அழற்சி வந்தால் சேமித்தது ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகக் கோளாறிலும் ஏறும். சில ரத்த நோய்களிலும் ஏறும், இணையம் சொன்னது முழுப்பொய் இல்லை, ஆனால் அந்த நோய்களில் பி12 மட்டும் தனியாக வந்து நிற்காது, வெள்ளணுக்கள், மண்ணீரல், காய்ச்சல், எடை என்று வேறு ஏதாவது கூட வரும். சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் நன்றாக இருந்து, குழந்தையும் நன்றாக இருந்தால் டாக்டர் முகத்தில் பதற்றம் தெரியாது. சிலருக்கு எதிர்ப்புப் புரதம் ஒன்று பி12-ஐப் பிடித்துக்கொண்டு ரத்தத்திலேயே சுற்றும், எண் மட்டும் பெரிதாகத் தெரியும், தீங்கில்லை.

இதில் ஒரு சிக்கலான இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் பி12 நிறைய இருப்பதும் செல்லுக்குள் அது வேலை செய்வதும் வேறு வேறு. ரத்தத்தில் உள்ள பி12-இல் பெரும்பகுதி செல்களுக்குள் நுழைய முடியாத ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பயன்படும் வடிவம். பிறவியிலேயே பி12-ஐப் பயன்படுத்தும் வழி அடைபட்ட குழந்தைகள் அபூர்வமாக இருக்கிறார்கள், அவர்கள் ரிப்போர்ட்டில் பி12 இயல்பாக, ஏன் அதிகமாகக்கூட இருக்கும், குழந்தைக்கோ குறைபாட்டின் அறிகுறிகள் இருக்கும்: ரத்தசோகை, வளர்ச்சி பின்தங்கல், துவண்ட உடம்பு. அப்போது, பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டும் பார்த்தால் குட்டு வெளிப்படும். எண்ணையும் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று என் பழைய மேலதிகாரி சொல்வார், நாங்கள் லேபில் குழந்தையைப் பார்ப்பதே இல்லை, குழாயைத்தான் பார்ப்போம்.

இனி என் தெருவில் நடந்தது. பதின்மூன்று வயதுப் பெண். சோர்வாக இருக்கிறாள் என்று சோதித்ததில் பி12 அதிகம், டி அதிகம், அதோடு தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அதிகம். பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் மாதிரியே இருந்தது. மாத்திரை தொடங்கும் பேச்சு வந்துவிட்டது. "சார், நீங்க லேப்ல இருந்தீங்கல்ல, ஒரு தடவை பாருங்க" என்று அவள் அப்பா வந்தார். அந்தப் பெண்ணுக்கு நாடித்துடிப்பு சாதாரணம், எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை. முடி கொட்டுதுன்னு ஏதாச்சும் சாப்பிடுறாளா என்று கேட்டேன். ஆமாம், பயோட்டின் என்ற பி வைட்டமின், பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மாதமாக.

இதன் சூட்சுமம் இதுதான். இப்போதுள்ள பல தானியங்கி மெஷின்களில் பரிசோதனைக்கே பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள், இரண்டும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். சாம்பிளிலேயே பயோட்டின் நிறைய இருந்தால் அது போய் அந்தப் பசையை அடைத்துக்கொள்ளும். பி12, டி, ஃப்ரீ டி4 போன்றவற்றை அளக்கும் முறையில் அப்போது எண் பொய்யாக ஏறும், டி.எஸ்.எச். அளக்கும் முறையில் பொய்யாக இறங்கும். ஒரே சாம்பிள், இரண்டு திசையில் இரண்டு பொய். அந்த வயதுக்குப் பயோட்டின் தேவை நாளுக்கு 20 மைக்ரோகிராம், மாத்திரையில் இருப்பது பத்தாயிரம், ஐந்நூறு மடங்கு. எஃப்டிஏ இதைப் பற்றி 2017 நவம்பரில் எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை இப்படிப் பொய்யாகக் குறைந்து காட்டி ஒருவர் இறந்ததையும் அதில் சொல்லியிருந்தார்கள். நான் அந்த அப்பாவிடம், இந்த மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் இயல்பு. அந்தப் பெண்ணின் சோர்வுக்குக் காரணம் இரவு ஒரு மணி வரை போன், அது தனிக் கடிதம்.

ரத்தம் எடுக்கும் விதத்திலும் கோளாறு உண்டு. குழந்தை கத்தும், நரம்பு கிடைக்காது, அம்மா ஒரு பக்கம் அழுவார், ரப்பர் பட்டையை இறுக்கிக் கையைப் பிழிந்து எடுப்போம், சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சிவப்பணுவுக்குள் ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில வகை பி வைட்டமின், சீரத்தைவிடப் பல மடங்கு அதிகம், அது கலந்தால் ஃபோலிக் அமிலம் ரிப்போர்ட்டில் எகிறும். அந்தச் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும், பார்த்தாலே தெரியும், நல்ல லேப் என்றால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதும் அல்லது திரும்பக் கூப்பிடும். காலையில் சிரப் குடித்துவிட்டு வந்த குழந்தைக்கு அன்று எடுக்கும் எண்ணையும் நம்ப முடியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இன்னொரு தொல்லை, அவர்கள் ரத்தத்தில் டி-யின் இரட்டைப் பிறவி போன்ற ஒரு வடிவம் கணிசமாக இருக்கும், சில மெஷின்கள் அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தம்பி மகளும் இப்படித்தான் பதறினாள், குழந்தைக்கு டி 110 என்று. ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அங்கே நானோகிராம் இல்லை, நானோமோல் என்ற வேறு அலகில் கணக்கு. இரண்டரையால் வகுத்தால் நம்மூர்க் கணக்கில் 44. அருமையான எண். நம்மூர் யூடியூபில் நூறைத் தாண்டினால் ஆபத்து என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். இயல்பு அளவு என்று அச்சடிப்பது, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் எல்லை. அப்படியென்றால் நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஐந்து பேர் வெளியே நிற்பார்கள் என்றுதானே பொருள்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஏதாவது ஓர் எண்ணாவது எல்லைக்கு வெளியே விழும். சலுகை விலைப் பேக்கேஜின் வியாபாரம் பாதி இதில்தான் நடக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு எதற்கு இருபது சோதனை?

கடைசியாக பி6. அதிகம் பேர் சோதிப்பதில்லை, ஆனால் சில பேக்கேஜ்களில் வருகிறது. மாத்திரை, சிரப் எதுவும் இல்லாமல் குழந்தைக்கு பி6 அதிகம் என்று வந்தால், அதே ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பி6-ஐச் செல்லுக்குள் அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுவது அந்த நொதிதான், அது பிறவியிலேயே குறைவாக இருந்தால் பி6 ரத்தத்தில் தேங்கும். ஹைப்போபாஸ்படேசியா என்று பெயர், எலும்பு சரியாகக் கெட்டிப்படாது. அடையாளம் ஒன்று உண்டு: ஐந்து வயதுக்கு முன்பே பால் பல் விழும், அதுவும் சாதாரணமாக விழும் பல் மாதிரி வேர் கரைந்து விழாது, நீளமான வேரோடு முழுசாக விழும். வளரும் குழந்தைக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதுதான் இயல்பு. லேபில் பெரியவர்களின் அளவைப் போட்டிருந்தால், இந்தக் குழந்தையின் குறைந்த எண்கூட இயல்பு என்றே அச்சாகி வரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பி12-க்கு ஒன்றுமில்லாததற்கு 'எச்' போட்டுப் பயமுறுத்தும் அதே அச்சு, இங்கே இருப்பதை மறைத்துவிடும். என் பணிக்காலத்தில் எத்தனை ரிப்போர்ட் இப்படி என் கை வழியாகவே போயிருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

லேப் நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டே கோரிக்கை. குழந்தைகளுக்கு வயதுவாரியான அளவைப் போடுங்கள். ரத்தம் எடுக்கும் முன், என்னென்ன டானிக், கம்மி, முடி மாத்திரை சாப்பிடுகிறது என்று ஒரு கேள்வி கேட்டு அதை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதுங்கள், அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு மை மட்டும்தான். மருந்துக் கடைக்காரர்கள் 60,000 யூனிட் கொடுக்கும்போது சீட்டில் எத்தனை வாரம் என்று பார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது, இடத்துக்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்ளுங்கள், என் மகள் கதையைக்கூட எடுத்துவிடலாம். வேரோடு விழும் பால் பல் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள். அதைப் படித்துவிட்டு, எங்கேயோ சாமி அலமாரியில் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் பல்லை எடுத்துப் பார்க்கும் ஓர் அம்மா இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
விருதுநகர்.